சாயம் போகாத சைப்ரஸ்

போன மாதம் எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு சாயப்பட்டறை மாஸ்டர் வந்தார். துணி பார்க்க இல்லை... செடி பார்க்க!

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே ஹவுஸ் ஓனர் சரசக்கா. மகள் பிரசவத்துக்காக பெங்களூர் கிளம்பும்போது, ஒரு தொட்டியைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். முழங்கால் உயரத்தில், கூம்பு மாதிரி ஒரு சைப்ரஸ். ஊட்டிக் குளிரில் இருக்க வேண்டிய ஊசியிலை மரத்தின் குட்டை ரகம்.

"மாப்ள குன்னூர்ல இருந்து வாங்கிட்டு வந்ததுங் கண்ணு. நா வர்ற வரைக்கும் பொழச்சுக் கெடந்தாப் போதும்" என்றார்.

மாப்பிள்ளை கொடுத்தது! புரிகிறதா? அது போனால் செடியோடு போகாது.

நானும் விழுந்து விழுந்து கவனித்தேன். காலையில் தண்ணீர், மாலையில் தண்ணீர், நடுவில் பாவமே என்று ஒரு சொம்பு. திருப்பூர் வெயிலுக்குக் குடைகூடக் கட்டி வைத்தேன். இரண்டே மாதத்தில் மரம் உச்சி முதல் அடிவரை செம்பட்டையாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் செக்கிங் இன்சார்ஜ். இருபது வருஷமாகத் துணியில் குறை கண்டுபிடித்தே கண் பழகியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மரத்தைச் சுற்றி வந்தார்.

"ஷேடு மாறிருச்சு புள்ள."

"செத்துப்போச்சுங்க!"

"அதான்... ஷேடு மாறிருச்சு. சரி பண்ணிக்கலாம்."

அப்படித்தான் வீரபாண்டியிலிருந்து சாயப்பட்டறை மாஸ்டர் சலீம் பாய் வந்தார். ஒரு குச்சியை ஒடித்து, நசுக்கி, மோந்து பார்த்தார்.

"என்ன மெட்டீரியலுங்ணா இது?"

"மரந்தான் பாய்."

"அப்பக் காட்டனுக்குச் சொந்தக்காரந்தானுங். நல்லாப் புடிச்சுக்கும்."

மறுநாள் மூன்று குச்சிகளை மூன்று பச்சையில் முக்கி, அட்டையில் ஒட்டி, ஏ, பி, சி என்று எழுதி அனுப்பியிருந்தார். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் மாதிரி நான் அப்ரூவல் தர வேண்டுமாம்! தடுத்திருக்க வேண்டியவள் நான். சரசக்கா முகம் கண்முன் வந்தது. 'பி'தான் ஒரிஜினல் மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ப்ரே கன்னோடு வேலை முடிந்தது. சலீம் பாய் ஈர பனியன் துணியால் இலையைத் தேய்த்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது.

"மழ வந்தாலும் சாயம் போகாதுங்!"

பத்து நாள் கழித்து சரசக்கா வரும் நாள். வீட்டுக்காரர் கடைசியாக ஒரு செக்கிங் போட்டார். அடித்தண்டருகே குனிந்தவர், சட்டைப் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து ஒட்டினார். துணியில் டேமேஜ் இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அதே அம்பு.

"இது மட்டும் வெளுப்பாத் தெரியுது" என்றபடி, நூல் வெட்டும் கத்தரியால் ஒரே வெட்டு.

கீழே விழுந்ததை எடுத்துப் பார்த்தேன். இளம்பச்சையில், அரை விரல் நீளத்தில்... புதுத் துளிர்!

"ஏனுங்க... மரம் உசுரோட இருந்திருக்குதுங்க!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. துளிரை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

சரசக்கா வந்தார். மரத்தைப் பார்த்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நா இருந்தப்பக்கூட இத்தன பச்சையா இல்லியே கண்ணு!"

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நொடி அவர் கை தண்டில் நின்றது. அம்பு! பிரிக்க மறந்திருக்கிறார் மனுஷன். திருப்பூரில் அந்த அம்புக்கு அர்த்தம் தெரியாதவர் யார்?

"இதுல என்ன டேமேஜ் தம்பி?"

இருபது வருஷ செக்கிங் புத்தி — குறை என்ன என்று கேட்டால் மறைக்கத் தெரியாது.

"உசுரு இருந்துச்சுங்க்கா. நாந்தான் வெட்டிப்புட்டனுங்க."

மிச்சக் கதை முழுவதையும் நான் கொட்டிவிட்டேன். துளிர் இருந்த டம்ளரையும் எடுத்து வந்து காட்டினேன். அக்கா கையை நீட்டி அதை வாங்கினார். துளிரை அதே தொட்டியில், பெரிய மரத்தின் நிழலில் ஊன்றினார். அம்பைப் பிரித்து, துளிரைக் காட்டுகிற மாதிரி தொட்டி விளிம்பில் ஒட்டினார்.

"மாப்ளகிட்ட நீங்களே சொல்லிருங்க தம்பி."

மூன்று வாரமாகிறது. சாய மரம் அதே பச்சையில் அசையாமல் நிற்கிறது. சலீம் பாய்க்கு ஏகப் பெருமை. துளிர் மட்டும் ஒரு நாள் வெளுப்பு, ஒரு நாள் பச்சை, ஒரு நாள் லேசான மஞ்சள். உயிரோடு இருந்தால் ஷேடு மாறத்தானே செய்யும்?

வீட்டுக்காரர் தொட்டிப் பக்கம் போனால் மட்டும், முதலில் கத்தரியை வாங்கி வைத்துக்கொள்கிறேன்!