மெதுவாகக் கேட்டவள்

பிரசவ வார்டில் அந்த நர்சுக்கு 'சத்தக்கா' என்று பெயர். வலியில் கத்துகிறவளைவிட அவள் போடும் அதட்டல்தான் வாசல்வரை கேட்கும். அவளைப் போய், கர்ப்பிணிகளிடம் குடிப்பழக்கம் பற்றிப் பேசும் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

"இதுல கத்துக்க என்ன இருக்கு? குடிக்காதடின்னு நாலு போடு போட்டா போதாதா?" என்று முனகிக்கொண்டே போனாள்.

பயிற்சி கொடுத்தவள் சத்தக்காவையே கர்ப்பிணியாக உட்கார வைத்தாள். முகம் சுளிக்காமல், ஏன் எதற்கு என்று குடையாமல் கேட்டாள். நடிக்கத்தான் உட்கார்ந்தாள் சத்தக்கா. ஆனால் அந்தக் குரலிடம் நிஜத்தைச் சொல்லிவிடலாம்போல இருந்தது.

திரும்பி வந்தவள் குரலை இறக்கினாள். "அக்காவுக்கு உடம்புக்கு என்ன?" என்று வார்டே விசாரித்தது.

ஒரு சித்தாள் வந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"எல்லார்கிட்டயும் கேக்குறதுதாம்மா. அசதிக்கு எதாவது குடிக்கிறதுண்டா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "கல்லு சுமந்துட்டு வந்தா இடுப்பு விட்டுப்போகுதுக்கா. அவருதான் தன் கிளாசுலேர்ந்து கொஞ்சம் ஊத்தித் தருவாரு."

திட்டுக்குக் காத்துத் தலைகுனிந்தாள். வரவில்லை.

"சொன்னியே, அதுவே பெரிசு. இன்னைக்கு விட்டாலும் பிள்ளைக்கு நல்லதுதான். இடுப்புக்கு நான் வழி பண்றேன்."

அடுத்த முறை முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "தொடவே இல்லக்கா!"

சித்தாள் குடித்ததை முறைப்படி டாக்டரம்மாவிடமும் சத்தக்கா சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பயிற்சியை நர்சுகளுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள், டாக்டர்களுக்கு நேரமில்லை. ஒருநாள் சத்தக்கா பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே கூடமே திரும்பிப் பார்க்கும்படி டாக்டரம்மா சித்தாளைக் கேட்டார்: "குடிக்கிறவ நீதானா? வெக்கமா இல்ல?"

பெஞ்சில் சித்தாளின் மாமியார் உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம், ஊற்றிக் கொடுத்தவனே அவளை அடித்தான். "என் மானத்தை வாங்கிட்டியேடி!"

அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. சத்தக்கா வீடு தேடிப் போனாள். மாமியார் வாசலை மறித்தாள். "நைசா பேசி வாயைக் கிளறினது நீதானே? கிளம்பு."

பின்னாலிருந்து சித்தாள் சொன்னாள்: "நீங்க திட்டியிருந்தா நான் சொல்லியே இருக்க மாட்டேன்க்கா." அழக்கூட இல்லை. பேச்சோடு சாராய வாடையும் வந்தது.

மாதம் நிறையுமுன் வீட்டிலேயே குழந்தை பிறந்தது. பிழைத்தது, ஆனால் சவலையாக, மாதங்கள் போயும் தலை நிற்காமல் கிடந்தது. குடியாலா, அடியாலா என்று யாரும் கேட்கவில்லை. தாயைக் குடிகாரி என்று மட்டும் தெரு பேசியது.

பிறகு எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும், கேள்வி முடியுமுன்னே "ஐயோ, இல்லக்கா" என்றார்கள் எல்லாரும்.

குடிக்கும் கர்ப்பிணி ஒருத்திகூட இல்லாத ஆஸ்பத்திரி என்று மேலிடம் டாக்டரம்மாவுக்குக் கேடயம் கொடுத்தது. விழாவில் சத்தக்கா எழுந்தாள்.

"இல்லாம இல்லைங்க. சொல்லத்தான் பயப்படுறாங்க."

"நல்ல நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்ற டாக்டரம்மா, அவளையும் இழுத்துப் போட்டோவுக்கு நிறுத்தினார். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள்.