சிவக்காத திரை

ஏழுமலையின் வேலையைப் பறித்தவன் நான். மேலாளர் அல்ல, நான்தான். இதுவரை எவரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில், இணைய இணைப்பு கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் இருந்தேன். எந்த லைன் விழுந்தாலும், அதாவது இணைப்பு நின்றுபோனாலும், ரவுட்டர் உடனே எச்சரிக்கை அனுப்பும். என் திரையில் அந்த லைனின் பெயர் சிவக்கும். மேலாளரின் கைப்பேசியும் அலறும். அதையெல்லாம் அமைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏணியோடு ஓடிச் சரிசெய்வது ஏழுமலையின் வேலை. இருவருமே கான்ட்ராக்ட்.

ஒரு மழைக்காலத்தில், குவார்ட்டர்ஸ் பக்கம் போகும் லைன் ஒன்று ஓயாமல் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது... விழும்போதெல்லாம் எனக்கு வசவு. காது புளித்துப்போய், அந்த லைனுக்கு மட்டும் எச்சரிக்கை அனுப்பாதபடி ரவுட்டரில் ஒரே ஒரு வரி எழுதினேன். மாலையில் நீக்கிவிடலாம் என்றுதான்! நீக்கவில்லை.

"இப்பத்தாம்பா நிம்மதியா இருக்குது" என்றார் மேலாளர். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

லைனோ விழுந்துகொண்டுதான் இருந்தது. வாடிக்கையாளர்கள் ஏழுமலையையே நேராகக் கூப்பிட்டார்கள். அவரும் போய்ப் போய் வந்தார். திரையில் ஒன்றும் இல்லாதபோது வேலை நேரத்தில் எங்கே சுற்றுகிறாய் என்று மேலாளர் பிடித்துக்கொண்டார்.

"லைன் விழுந்துகினேதான் இருக்குது சார். மழையில நனைஞ்சிகினு போய்ட்டு வரேன்... தம்பியக் கேளுங்க!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கான்ட்ராக்டை நீட்டிக்க வேண்டிய மாதம் அது.

"ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலீங்க சார்" என்றேன்.

பொய்யா அது? வார்த்தைக்கு வார்த்தை உண்மை!

ஏழுமலையை மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். மனம் கேட்காமல் அந்த வரியை அன்றே நீக்கினேன். திரை சிவந்தது. "பாத்தியா... போறப்ப லைனைக் கெடுத்துட்டுப் போயிருக்கான்" என்றார் மேலாளர். அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. லைனைக் கெடுத்தவன் என்ற பெயரும் அவருக்கு என்னால்தான் வந்தது.

என் கான்ட்ராக்ட் நீண்டது.

சில வருடங்கள் கழித்து, பண்ருட்டி பேருந்து நிலையத்தில் என்னைப் பெயர் சொல்லி அழைத்தது ஒரு குரல். தள்ளுவண்டியில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்தார் ஏழுமலை. ஒளிந்துகொள்ள நேரமில்லை.

"மிஷினு தப்பாக் காட்டிச்சு, நீ இன்னா பண்ணுவ தம்பி? ஸ்கிரீன்ல வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டியா!" என்று சிரித்தார். கை நிறையச் சுளைகளைக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சொல்லியிருக்கலாம். என் பேருந்துகூட இன்னும் வந்திருக்கவில்லை. நெஞ்சு வெடித்திருக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறீர்கள்? எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை... அவர் எதிரிலேயே நின்று எல்லாவற்றையும் தின்றேன்.

நன்றாக இனித்தது.