ஆபரேட்டர்: அறிவுச்செல்வன்

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்த தேதி, மணி, நிமிடம் எல்லாம் எங்கள் லேப் கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கிறது. என் அக்கா அம்சா மேல் ஆணையாகச் சொல்கிறேன். அவள் மேல் நான் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டேன், அதுவும் இப்போது.

என் பெயர் கலையரசி. விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் போகிறேன். அங்கே ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன் வேலை. லேபின் பெயர் வேண்டாம். உடம்பில் இருக்கும் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஸ்லைடில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் படம் எடுத்து, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படம் எடுக்கும் சாஃப்ட்வேர் இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், திறந்து திருத்திக்கொள்ளலாம். அறிவுச்செல்வன் அண்ணன்தான் அதைப் பழைய கேமராவோடு இணைத்து, ஸ்லைடு தானாக நகர்ந்து நகர்ந்து படம் எடுக்கும்படி எழுதி வைத்தார். அடுத்த வருஷமே பைபாஸில் லாரி மோதி இறந்துபோனார்.

அவர் எழுதியதில் ஒரு கோளாறு. ‘ஆபரேட்டர்’ என்ற கட்டத்தில் அவர் பெயரை எடுத்துவிட்டால் எதுவும் ஓடாது. சரிசெய்ய எங்களுக்குத் தெரியவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? அப்படியே விட்டுவிட்டோம். அவர் போன பிறகும் எல்லாப் படமும் அவர் எடுத்ததாகவே பதிவானது. “அறிவண்ணன் இன்னும் டூட்டிலதான் இருக்காரு” என்று சொல்லிச் சிரிப்போம்.

சிரித்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. அக்காவின் ஸ்லைடு வந்தது. அவளுக்கு மார்பில் கட்டி. கோலியனூரில் கட்டிக் கொடுத்தோம். இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவளுக்கு நாலு வயசு. வேறு யாரையும் தொட விடாமல் ஸ்லைடை நானே வைத்தேன்.

மதியம் 2.10. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எங்கள் மைக்ரோஸ்கோப் ரூமில் ஜன்னலெல்லாம் கறுப்புத் தாள். உள்ளே நான் மட்டும்.

டிர்ர்ர்... டக். ஸ்லைடு நகர்ந்தது. ஒரு படம்.

டிர்ர்ர்... டக். அடுத்த படம்.

2.17. நின்றுவிட்டது.

நான் எதையும் தொடவில்லை. ஸ்லைடு தானாகப் பின்னால் வந்தது. ஒரே இடத்தில்... டக். டக். டக்.

திரையில் கருநீலப் புள்ளிகள், ஒன்றின் மேல் ஒன்றாக நெரிசல். ஆறு வருஷ வேலை இது. புற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மைக்ரோஸ்கோப் குழாயில் கண்ணை வைத்தேன். அதே இடம். சுத்தமாக இருந்தது.

திரை... நெரிசல்.

குழாய்... சுத்தம்.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது.

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஓடிப்போய் டாக்டர் தேவநாதனைக் கூட்டி வந்தேன். அவர் குழாயில் மட்டும் பார்த்தார்.

“க்ளீனா இருக்கும்மா.”

“ஸ்கிரீன்ல வேற மாதிரி வருதுங்க சார்.”

“வேற பேஷண்ட் படம் வந்து மாட்டிக்கினு இருக்கும். ஓசி சாஃப்ட்வேர்தான? தள்ளி வுடு.”

நானும் அதைத்தான் நம்ப ஆசைப்பட்டேன். கெட்டுப்போன படங்களைப் போட்டு வைக்கும் ‘வேண்டாதவை’ ஃபோல்டரில் அதைத் தள்ளினேன். இன்னொரு தடவை சதை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அக்காவுக்குப் போன் போட்டு ஒன்றும் இல்லை என்றேன். அந்த சந்தோஷத்தில் பொங்கலுக்கு எனக்கு ஒரு பச்சைத் துப்பட்டா எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 14. கட்டி பெரிதாகி, மறுபடியும் சதை எடுத்தார்கள். புது ஸ்லைடு. அதே அறை. அந்தத் துப்பட்டாவைத்தான் போட்டிருந்தேன்.

டிர்ர்ர்... டக்.

2.17. நின்றது.

திரையில் நெரிசல். குழாயில் கண்ணை வைத்தேன்.

குழாயிலும் நெரிசல்.

ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்று அப்புறம் ஸ்கேனில் தெரிந்தது. இனி செய்ய ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அன்னிக்கி நல்லாத்தான பாத்த, கலை?”

“நல்லாத்தான் பாத்தேன்க்கா.”

மறுநாள் ‘வேண்டாதவை’யைத் திறந்தேன். ஆகஸ்ட் படத்திலிருந்து மார்ச் படத்தைக் கழிக்கச் சொன்னேன். சாஃப்ட்வேரில் அதற்கு வழி உண்டு. இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே வெளிச்சமாகத் தெரியும். ஒரே ஸ்லைடை அடுத்தடுத்து இரண்டு தடவை எடுத்தால்கூடக் கொஞ்சம் மினுங்கும்.

முழுக் கறுப்பு.

வேறு வேறு சதை. கிட்டத்தட்ட ஏழு மாத இடைவெளி. ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை...

ஆகஸ்ட் படத்தைப் பெரிதாக்கினேன். மூலையில் ஏதோ கிடந்தது. ஸ்லைடு வைக்கும்போது துணியிலிருந்து விழுந்த ஒரு நூல்.

பச்சை நூல்.