வராத பேச்சாளருக்கு எம். புதுப்பட்டியில் ஓர் எதிர்வினை

2007 தீபாவளி முடிந்து, பட்டாசுக் கம்பெனிகள் மூடிக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எம். புதுப்பட்டிக்குப் போனேன். செல்வராணி என்ற பள்ளி ஆசிரியை அங்கே மாதக் கூட்டம் நடத்துகிறார். கலை, அரசியல், சமூக மாற்றம் என்று யாராவது பேசுவார்கள், இரண்டு கல்லூரிக்காரர்கள் எதிர்வினை சொல்வார்கள். இம்முறை தலைப்பு 'காலண்டர் படங்களும் சமூக மாற்றமும்'. பேச்சாளர் சென்னையிலிருந்து வரும் ஓர் ஆய்வாளர் அம்மா. எதிர்வினைக்கு வரலாறு நடத்தும் நானும், தமிழ்ப் பேராசிரியர் ஞானதுரையும். முந்தைய கூட்டத்துக்கு எட்டுப் பேர்தான் வந்தார்களாம். இதுவும் அப்படியானால் இனி மண்டபம் கிடையாது என்று அதன் பொறுப்பாளர் சொல்லிவிட்டதாகச் செல்வராணி போனில் கவலைப்பட்டிருந்தார்.

மதுரையிலிருந்து விருதுநகருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கே சிவகாசி வண்டியில் ஜன்னலோரம் ஞானதுரை உட்கார்ந்திருந்தார். காலியாக இருந்தது அவர் பக்கத்து இடம் மட்டும். என் புத்தகத்தை அவர் ஒரு சிற்றிதழில் கிழித்துத் தொங்கவிட்ட பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நடத்துநர் வந்து, "ரெண்டு பேருக்கும் சேத்தா சார்?" என்றார். "தனித்தனி" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அன்று நாங்கள் முதன்முதலாக ஒத்துப்போனது அதில்தான். சிவகாசியில் இறங்கி டவுன் பஸ் பிடித்தால் புதுப்பட்டி அரை மணி நேரம்.

மண்டபத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். வேலை இல்லாத காலம் என்பதால் வந்த கூட்டம். பேச்சாளரைத்தான் காணோம். திருமங்கலம் தாண்டி அவருடைய கார் பழுதாகி நிற்பதாகத் தகவல். ஆறு மணிக்கு அதே மண்டபத்தில் ஒரு சடங்கு வீட்டுக்குப் பந்தல் அலங்காரம் தொடங்க வேண்டும்.

செல்வராணி எங்களை ஓரமாக அழைத்துப் போனார். "நீங்க ரெண்டு பேரும் பதிலை முதல்ல சொல்லிருங்க. அவுக வந்து பேச்சைப் பேசிக்கிடுவாக."

பேசாத பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டேன். அவருடைய கட்டுரையைத்தான் படித்துவிட்டு வந்திருக்கிறீர்களே என்றார். மேடை ஏறினோம்.

சாமி படமும் தலைவர் படமும் மக்களை இருந்த இடத்திலேயே இருக்க வைக்கின்றன என்பது அந்தக் கட்டுரை. அதைத் தாக்க வேண்டுமென்றால் முதலில் அதைச் சொல்லியாக வேண்டும். அதனால் அந்த அம்மாவின் உரையை நானே கால் மணி நேரம் நிகழ்த்தினேன். பிறகு அதை உடைத்தேன். அடுத்து எழுந்த ஞானதுரை, போன மாதம்வரை அந்தக் கட்டுரையைத் திட்டிக்கொண்டிருந்தவர், நான் எதிர்த்துவிட்டேன் என்பதற்காகவே அதை உயிரைக் கொடுத்து ஆதரித்தார்.

கூட்டம் சூடாகிவிட்டது. முன்வரிசையில் இருந்த மாரியம்மாள், தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிறவர், உட்கார்ந்தபடியே தன் வீட்டுக் கதையைச் சொன்னார். கணவருக்குக் கட்சித் தலைவர் காலண்டர் வேண்டும், இவருக்கு அம்மன் வேண்டும். இருப்பது ஒரே ஆணி. மூன்று நாள் சமையல் நின்றதாம். கடைசியில் யாரோ ஒரு குழந்தை சிரிக்கிற காலண்டரை மாட்டினார்களாம். "மாறுறதுக்கு எம்புட்டுப் பாடு பாருங்க. அந்தச் சென்னை அம்மா சொன்னது சரிதான்" என்றார். இன்னொரு பெண் அது எப்படிச் சரி என்று எழுந்தார். ஞானதுரையும் நானும் மேடையில் வேடிக்கை பார்க்கிறவர்களாகிவிட்டோம்.

அந்த நேரத்தில்தான் காரைச் சரிசெய்துகொண்டு பேச்சாளர் வந்து சேர்ந்தார். வாசலில் நின்று பேச்சை அரைகுறையாகக் கேட்ட மண்டபப் பொறுப்பாளர் தன்னிடம் சொன்னதைப் பிற்பாடு அந்த அம்மாவே சொல்லிச் சிரித்தார்: "உக்காருங்கம்மா. சென்னையில இருந்து ஒரு அம்மா பேசிட்டுப் போயிட்டாக. அதுக்குத்தான் இங்கன சண்டை."

அவர் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கையைத் தூக்கினார். எனக்கு முகம் தெரிந்துவிட்டது. ஞானதுரை மேஜைக்கடியில் என் காலை மிதித்தார், வாயைத் திறக்காதே என்று.

"அந்த அம்மா எழுதினதுல எனக்கு உடன்பாடு இல்லை. அதை எழுதினப்ப அவங்க காலண்டர் அச்சடிக்கிற சிவகாசியைப் பார்த்ததே இல்லை" என்றார் பேச்சாளர்.

மாரியம்மாள் திரும்பி அவரை முறைத்தார். "இல்லாதவுகளைப் பத்தி அப்பிடிப் பேசக்கூடாது. பாவம், அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து வழியில நிக்கிறாக."

பாதிக் கூட்டம் கைதட்டியது. தன்னைத் தானே தாக்கியதற்காகத் திட்டு வாங்கியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஓடி வந்த செல்வராணிதான் உண்மையைச் சொன்னார். மண்டபம் அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் அலங்காரக்காரர்கள் வாழை மரத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள். கடைசிவரை உரை நிகழவே இல்லை. ஆனால் அடுத்த மாதத்துக்கு எந்த ஞாயிறு வேண்டும் என்று பொறுப்பாளரே வந்து கேட்டார்.

கிளம்பும்போது பேச்சாளரின் காரருகே மாரியம்மாள் வந்தார். "நீங்கதான் அவுகன்னு முன்னாலயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா சண்டை போட்டிருக்க மாட்டீங்களே?"

மாரியம்மாள் யோசித்தார். "போட்டிருப்பேன். எந்திரிச்சு நின்னு போட்டிருப்பேன்."

விருதுநகர் வரை பேச்சாளர், ஞானதுரை, நான் மூவரும் ஒரே காரில் வந்தோம். அந்த ஊர் எண்ணெய்ப் பரோட்டாவை அங்கேயே சாப்பிடுங்கள், பொட்டலம் கட்டினால் மொறுமொறுப்பு போய்விடும். இந்தப் பக்கம் கூட்டத்துக்கு வருவதானால் தீபாவளி கழிந்து வாருங்கள். சீசனில் யாருக்கும் பேச நேரமிருக்காது. பரோட்டாக் கடையில் ஞானதுரை என் புத்தகத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். மூன்றாம் அத்தியாயம் இன்னும் தப்புத்தான் என்றார். எத்தனையோ மாதம் கழித்து நேருக்கு நேர் சொன்னாரே என்று இன்னொரு பரோட்டா சொல்லிவிட்டு, பதில் சொல்ல ஆரம்பித்தேன்.