யோகராணி அக்கா யாரையும் காப்பாற்றவில்லை

யோகராணி அக்கா காலமானார் என்ற செய்தி வந்தபோது, கிழக்கு லண்டனில் ஒரு வைத்தியசாலையின் கர்ப்பிணிகள் பிரிவில் நான் காத்திருந்தேன். நான் மொழிபெயர்ப்பாளர்; அன்று காலை ஒரு தமிழ்ப் பெண்ணுக்காகப் போயிருந்தேன். அவளுடைய பெயரைக் கூப்பிட இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அக்காவின் மகள் மதுரா தொலைபேசியில் எழுதியிருந்தாள்: "அம்மா காலமை போயிட்டா அன்ரி. நோகேல்லை." அதை இரண்டாம் முறை படிக்கும்போது பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனேன். முக்கால் மணி நேரம் சீனிவியாதி பற்றியும் குழந்தையின் நிறை பற்றியும் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் நின்றுதான் அழுதேன். அப்போதும் அழுகையைவிடக் கோபம்தான் கூடுதலாக இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி குடும்பத்தார் கேட்டார்கள். மலரின் அட்டையில் போடவிருந்த வரியையும் அனுப்பியிருந்தார்கள்: 'அவுஸ்திரேலியப் பூர்வகுடி மக்களைக் காத்த எங்கள் அன்னை.' அந்த வரியை எடுக்கச் சொன்னேன். சிலருக்கு மனவருத்தம். மலர்க் குழுவில் இருக்கும் அண்ணை ஒருவர், "பெருமையாத்தானே எழுதியிருக்கு, அதிலை என்ன பிழை?" என்று கேட்டார். தொலைபேசியில் அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்குமாக இங்கே சொல்கிறேன்.

பருத்தித்துறைப் பக்கம் பிறந்து யாழ்ப்பாணத்தில் மருத்துவிச்சியாகப் பயின்றவர் அக்கா. யுத்தம் அவரை அவுஸ்திரேலியாவுக்குத் துரத்தியது. அங்கே முதலிலிருந்து படித்துச் சான்றிதழ் பெற்று, கடற்கரையிலிருந்து வெகு தூரத்திலுள்ள ஒரு சிற்றூர் வைத்தியசாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தார். பிறகு கணவரின் சகோதரர்கள் இருந்த லண்டனுக்கு வந்து மனோர் பார்க்கில் குடியேறினார். நான் ஜேர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு, மனோர் பார்க்கிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள செவன் கிங்ஸுக்கு வந்தவள். எங்களைச் சேர்த்து வைத்தது நான் செய்த ஒரு பிழை.

அப்போது நான் இந்த வேலைக்குப் புதிது. பிரசவ அறையில் இருபத்துமூன்று வயதுப் பெண், முதல் பிள்ளை. வைத்தியர் பரிசோதிக்கக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். அந்தப் பெண் கால்களை ஒடுக்கிக்கொண்டு, "வேண்டாம், விடுங்கோ, இப்ப வேண்டாம்" என்றாள். வைத்தியர் என்னைப் பார்த்தார். அவளுக்குக் கொஞ்சம் அசௌகரியமாக இருக்கிறது என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பெரிய மனிதர்களோடு பணிவாகப் பேசிப் பழகிய வாய். வைத்தியர் தலையாட்டிவிட்டுக் குனிந்தார்.

கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற மருத்துவிச்சி, "நில்லுங்கள்" என்றார். அவர்தான் யோகராணி அக்கா; அவர் தமிழ் என்றே அதுவரை எனக்குத் தெரியாது. வைத்தியரிடம் ஆங்கிலத்தில், "அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை சொன்னது வேண்டாம் எண்டு. நீ சொன்னது வேறை. அவளின்ரை உடம்பிலை நீ ஆர் பேரம் பேச?" என்றார்.

வைத்தியர் பின்வாங்கினார். யோகராணி அக்கா கட்டிலோரம் இருந்து, பரிசோதனை எதற்கு, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்தச் சொல்லலாம் என்று அந்தப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தினார். "இப்ப பாக்கவோ, கொஞ்சம் கழிச்சுப் பாக்கவோ? நீ சொல்லு" என்றார். இருபது நிமிடம் கழித்து, "சரி, பாருங்கோ" என்று அவளே சொன்னாள். நான் சுவரோரம் நின்றேன். அன்று அந்த வேலையை விட்டுவிடுவதென்று நினைத்தேன். வெளியே வந்தபோது அக்கா என் தோளைத் தொட்டு, "நானும் உந்தப் பிழையைத்தான் செய்தனான் சுபா. உன்னிலும் மோசமாச் செய்தனான். தேத்தண்ணி குடிக்க வாறியோ?" என்றார்.

அவர் செய்த மோசம் என்னவென்பதை மனோர் பார்க் வீட்டின் சமையலறையில், பிட்டுக்கு மாக் குழைத்தபடி சொன்னார். அந்த அவுஸ்திரேலிய ஊரைச் சுற்றி வாழ்ந்த பூர்வகுடிப் பெண்களை, பிரசவ மாதம் நெருங்கியதும் தூர நகரத்து வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவார்கள். துணைக்கு ஒருவரும் இல்லை. வாரக்கணக்கில் ஒரு விடுதியில் தனியே இருந்து, தெரியாத முகங்களுக்கு நடுவே பிள்ளை பெறவேண்டும். அந்த மக்களின் பிள்ளைகளை அரசாங்கம் வாகனத்தில் ஏற்றிப் பறித்துக்கொண்டு போன காலம் ஒன்று இருந்தது. அதை அனுபவித்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அதனால் நகரத்து வைத்தியசாலைக்கு ஏற்றிப்போக வாகனம் வந்த நாளில் ஓர் இளம்பெண் ஒளித்துக்கொண்டாள். அக்கா அவளைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, பயமுறுத்தி, அனுப்பிவைத்தார். பதிவேட்டில் 'சொல்வழி கேளாதவர்' என்று தன் கையால் எழுதினார். பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஆனால் ஊருக்குத் திரும்பிய அந்தப் பெண் அக்காவைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போனாள்.

அங்கே வைத்தியசாலை உதவியாளராக வேலை செய்தவர் டோரீன். அதே ஊர்ப் பூர்வகுடிப் பெண், அந்த இளம்பெண்ணின் உறவுக்காரி. ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவர் அக்காவின் முன்னால் வந்து இருந்தாராம்.

"நீ நல்லவள்தான் யோகா, ஆனா நீயும் அந்த வாகனத்திலைதான் வாறாய் எண்டாள்" என்றார் அக்கா. "எனக்குச் சுர்ரெண்டு ஏறிச்சு. நானும் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வந்தவள் எண்டன். அதுக்கு அவள், அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கவேணுமே எண்டாள்."

இரண்டு நாள் கழித்து அக்கா அவரிடம் போய், "நான் என்ன செய்யவேணும்?" என்று கேட்டார். தான் மருத்துவிச்சியாகப் படிக்கப் போவதாக டோரீன் சொன்னார். படிக்கும் காலத்தில் தன்னுடைய இரவு ஷிப்டுகளை எடுக்க ஆள் வேண்டும், மூன்று பிள்ளைகளைப் பள்ளியால் கூட்டிவர ஆள் வேண்டும் என்றார். அறிவுரை ஒன்றும் கேட்கவில்லை. அக்கா அதைச் செய்தார். டோரீன் சான்றிதழோடு வந்ததும், பிரசவப் பிரிவின் பொறுப்பை அவருக்குக் கொடுக்கும்படி அக்கா நிர்வாகத்திடம் போய் நின்றார். பொறுப்பை அக்காவுக்குக் கொடுப்பதாக இருந்தார்கள். அவர் மறுத்தார். நிர்வாகம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. அக்காவும் மாதக்கணக்கில் மறுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் டோரீன் பொறுப்பேற்றார். அக்கா நான்கு வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தார்.

"அந்த நாலு வருசந்தான் நான் ஒழுங்கா மருத்துவம் பாத்தனான்" என்று என்னிடம் சொன்னார்.

மனோர் பார்க் முருகன் கோயில் வாசலில் ஒருமுறை நம்மவர் ஒருவர் அக்காவை மறித்தார். பெயர் வேண்டாம்; அவர் இதை வாசிப்பார். "எங்கடை சனத்துக்கே ஆயிரம் பிரச்சினை கிடக்கு. உங்களுக்கேன் அங்கத்தைச் சனத்தின்ரை வேலை?" என்றார்.

அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. "நாங்கள் அகதியாப் போய் இறங்கினது ஆரின்ரை மண்? அரசாங்கத்திட்டை விசா கேட்டனாங்கள். அந்தச் சனத்திட்டை ஒரு சொல்லுக் கேட்டனாங்களோ? மண்ணிலையும் கேளாமல் இறங்கி, அவையின்ரை பெண்டுகளின்ரை உடம்பிலையும் கேளாமல் கை வைக்கிறதோ? எங்கடை பெண்டுகளுக்கு இஞ்சை ஆரும் அப்பிடிச் செய்தால் நீங்கள் பதாகை பிடிப்பியள்."

அவர் செருப்பைத் தேடினார். அக்கா அர்ச்சனைத் தட்டை என் கையில் தந்துவிட்டு முன்னால் நடந்தார்.

சில வருடங்களுக்கு முன் மத்திய லண்டனில் தாய்மார் பராமரிப்பு பற்றி ஒரு பெரிய கூட்டம் நடந்தது. தமிழ்த் தாய்மார் இருவருக்கு மொழிபெயர்க்க நானும் போயிருந்தேன். டோரீனும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார். நிகழ்ச்சிநிரலைப் பார்த்து அக்காவின் முகம் மாறியது. டோரீன் நடத்தும் பூர்வகுடி மருத்துவிச்சிகளின் திட்டம் பற்றிப் பேசுபவர் என்று அக்காவின் பெயர் அரை மணி நேரத்துக்குப் போடப்பட்டிருந்தது. டோரீனுக்கு ஆரம்பத்தில் வாழ்த்துச் சொல்ல இரண்டு நிமிடம்.

அக்காவின் முறை வந்தது. ஒலிவாங்கிக்குப் போய், "என் பெயரைப் பிழையான இடத்தில் போட்டிருக்கிறீர்கள். என்னுடைய மேலதிகாரி இங்கே இருக்கிறார். அவர் பேசுவார்" என்றார். தலைவர் புன்னகையோடு, நேரம் ஏற்கெனவே ஒதுக்கியாகிவிட்டது, மாற்ற முடியாது என்றார். "அந்த நேரம் எனக்கு ஒதுக்கியதுதானே. நான் அவருக்குக் கொடுக்கிறேன்" என்றார் அக்கா. தலைவர் மீண்டும் ஏதோ சொன்னார். அக்கா மேடைப் படியில் போய் இருந்துகொண்டார். அறுபது வயது கடந்த மனுசி, பட்டுச் சேலையோடு, கையைக் கட்டிக்கொண்டு. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. மறைக்காமல் சொல்கிறேன், எழுந்து வந்து பேசிவிட்டுப் போங்களேன் அக்கா என்றுதான் அப்போது நினைத்தேன்.

டோரீன் எழுந்தார். அவசரப்படவில்லை. மேடைக்கு ஏறும்போது அக்காவைப் பார்த்து, "இடத்தை விடு, வழியில் இருக்கிறாய்" என்றார். மண்டபம் சிரித்தது. பிறகு இருபத்தைந்து நிமிடம் பேசினார். முன்பு ஒளித்துக்கொண்ட அந்தப் பெண் இரண்டாவது பிள்ளைக்குத் தானாகவே நடந்து வந்து டோரீனின் கதவைத் தட்டியதைச் சொன்னார். தாயும் பெரியம்மாவும் பக்கத்தில் இருக்க, சொந்த ஊரிலேயே பெற்றாளாம். "எங்களுக்கு உதவி வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். வேண்டும். எங்கள் பெண்கள் படிக்கும்போது அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் பொறுப்பைக் கொடுங்கள். அதன் பிறகு, கூப்பிட்டால் வாருங்கள்" என்று முடித்தார். நான் மொழிபெயர்க்க வந்த தாய்மாரில் ஒருவர் என் கையைப் பிடித்து, "இஞ்சையும் உந்தக் கதையைச் சொல்லவேணும்" என்றார்.

அந்த அமைப்பாளர்கள் பிறகு அக்காவை எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கவில்லை. "கூப்பிடாட்டில் என்ன, என்னட்டை ஃப்ரீ பஸ் பாஸ் இருக்கு, நான் எங்கையும் போவன்" என்று சிரித்தார்.

ஓய்வுபெற்ற பிறகு ஒவ்வொரு திங்களும் காலையில் அவருடைய தொலைபேசி அடிக்கும். அங்கே அப்போது மாலை. டோரீனின் ஊரில் மருத்துவிச்சிப் படிப்புப் படிக்கும் பெண்கள் பாடம் கேட்பார்கள். மருந்தின் அளவு, குழந்தையின் இதயத்துடிப்பு என்று போகும். கோபம் வந்தால் அக்காவின் ஆங்கிலம் பருத்தித்துறைக்குப் போய்விடும். அந்தப் பெண்கள் அதற்கும் பழகியிருந்தார்கள். கைலி என்ற மாணவி குடும்பத்தில் ஒரு சாவுக்குப் போனதால் பரீட்சைக்குப் போகவில்லை. சித்தியடையவில்லை என்று கல்லூரி பெயரை வெட்டப் பார்த்தது. அக்கா கொதித்தார். கடிதம் எழுதப் பேனாவை எடுத்தவர், நிறுத்திவிட்டு டோரீனுக்குத் தொலைபேசி எடுத்தார். "நான் எழுதலாமோ?" எழுது, நான் வாசித்த பிறகு அனுப்பு என்றார் டோரீன். வந்த திருத்தங்களில் அக்காவின் கோபமான இரண்டு பந்திகள் போயிருந்தன. மேலும் கோபமான ஒரு பந்தி சேர்ந்திருந்தது. கைலிக்குப் பரீட்சை எழுத இடம் கிடைத்தது. இன்று அவர் அந்த ஊரில் பிரசவம் பார்க்கிறார்.

கடைசி மாதங்களில் புற்றுநோய் அக்காவைப் பாதியாக்கிவிட்டது. ஒரு நாள் நான் போயிருந்தபோது வைத்தியர் கட்டிலுக்கு மேலால் மதுராவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இஞ்சை, நான் இன்னும் சாகேல்லை. என்னட்டைக் கேளுங்கோ" என்றார் அக்கா தமிழில். மதுரா என்னைப் பார்த்தாள். நான் அதை ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வைத்தியர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டார்.

இறுதிச்சடங்கில் டோரீன் அனுப்பிய செய்தியை மதுரா வாசித்தாள். "யோகா எனக்குக் கீழே நான்கு வருடம் வேலை செய்தார். நேரத்துக்கு வந்தார். சொன்னதைச் செய்தார், செய்யாத நாட்களில் சண்டை பிடித்தோம். அவருக்காக இங்கே நாங்கள் அழுதுகொண்டிருக்கிறோம்." இவ்வளவுதானா என்று எனக்குப் பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இவ்வளவுதான். அன்னை, காவல் தெய்வம் என்று நாம் தேடித் தேடிப் போடும் எந்தப் பட்டமும் அவருக்கு இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது. அந்தப் பெண்களைக் காத்தவர்கள் அந்தப் பெண்களேதான். அவர் ஷிப்ட் எடுத்தார், பிள்ளைகளைக் கூட்டி வந்தார், பொறுப்பை மறுத்தார். அதற்குத் தேவைப்பட்ட வீறாப்பை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

நினைவாக ஏதும் வேண்டுமா என்று மதுரா கேட்டாள். சேலை, புத்தகம் ஒன்றும் நான் கேட்கவில்லை. அவருடைய கோபத்தில் ஒரு பங்கு என்னிடம் இருக்கிறது, அதை வைத்திருக்கிறேன். போன வாரம் எங்கள் பக்கத்துக் கவுன்சில் மண்டபத்தில் தமிழ்த் தாய்மாருக்கான பிரசவ சேவை பற்றி ஒரு கூட்டம். மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர். ஒரு தாயும் இல்லை, ஒரு தமிழ் மருத்துவிச்சியும் இல்லை. எழுந்து அவர்கள் எங்கே என்று கேட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அடுத்த முறை வேண்டாம், முடிவு எடுக்கும் முன் அவர்கள் வரவேண்டும் என்று சொல்லி, வரத் தயாராக இருக்கும் மூவரின் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமை காலை கவுன்சிலின் கதவு திறக்கும்போது நாங்கள் நால்வரும் வாசலில் நிற்போம்.