மேல் வரிசைப் பெட்டிகள்

நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். நானும் இதையெல்லாம் நம்பாதவள்தான். நூலகத் தொழில்நுட்பம் படித்தவள். எது நடந்தாலும் காரணங்களை வரிசையாக எழுதி, ஆகாததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது என் பழக்கம்.

செல்போனில் கேமரா வராத காலம். திண்டுக்கல் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் எனக்கும் அகரத்து ஸ்டெல்லாவுக்கும் ஒப்பந்த வேலை. ஒரே தொகுதியில் எதிரெதிராக நின்று மாறி மாறி ஜெயித்த இரண்டு அரசியல்வாதிகள் இறந்தபின், அவர்கள் வீட்டுக் காகிதங்கள் எங்களிடம் வந்தன. ஒருவருடையது எனக்கு, மற்றவருடையது அவளுக்கு; 'என் ஆள்', 'உன் ஆள்' என்றுதான் பேசிக்கொள்வோம். துருப்பிடித்த குண்டூசிகளைக் கழற்றி, தூசி தட்டி, கிழிசலுக்கு மெல்லிய தாள் ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். முடிந்ததும் ஒருத்திக்குத்தான் நிரந்தர வேலை.

ஸ்டெல்லா ஒட்டினால் ஒட்டு தெரியாது. வருகிற பேராசிரியர்களெல்லாம் அவள் மேசையில்தான் நிற்பார்கள். எனக்கு வயிறு எரியும். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே எரியும்.

அவள் ஆளின் காகிதங்கள் முதலில் வந்ததால் அவர் பெட்டிகள் ரேக்கின் மேல் வரிசையில், என் ஆளுடையவை கீழே. ஒருநாள் சாப்பிட்டு வந்து பூட்டைத் திறந்தால், என் ஆள் மேலே, அவள் ஆள் கீழே.

"ஏன்டி, இம்புட்டு ஆசையா இருந்தா கேட்டிருக்கலாம்ல?" என்றாள் ஸ்டெல்லா.

"சாவி உன் முந்தியிலதான இருக்கு?"

"அதான் எனக்கும் விளங்கல. உங்க ஆளு செத்தும் சீட்ட விடமாட்டாரு போல."

சிரித்துக்கொண்டே மாற்றி வைத்தோம். மறுநாளும் அப்படியே. நான் எழுதிப் பார்த்தேன். எலி, அவ்வளவு கனத்தை நகர்த்தாது. அட்டெண்டர், அந்த வாரம் லீவு. வேறு சாவி, கிடையாது. ஸ்டெல்லா, என்னோடுதான் சாப்பிட்டாள். எல்லாம் அடித்தாயிற்று.

அடுத்த நாள் கேரியரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பட்டப்பகல். உள்ளே யாரோ மைக் முன்னால் நின்று தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். திறந்தால் ஆள் இல்லை, ஜன்னல்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருக்கின்றன, என் ஆள் மேலே. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம்.

வேலை ஸ்டெல்லாவுக்குப் போனது. நான் மதுரையில் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவில் சேர்ந்தேன். என் கல்யாணப் பத்திரிகையை ஸ்டெல்லாவுக்குக் கொடுக்கப் போனபோது கேட்டேன்.

"இப்பவும் பெட்டி இடம் மாறுதா?"

"இல்லடி. நீ போன அன்னிக்கே நின்னுபோச்சு. உங்க ஆளு கீழயே அமைதியா கெடக்காரு. செத்த நேரம் இரு, டீ சொல்றேன்."

குடித்துவிட்டு வந்தேன். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம், என்னோடு சேர்ந்த சித்ராவுக்கு எங்கள் கம்பெனியில் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள். கொடுத்த மறுநாள் சாப்பிட்டு வந்து, பூட்டியிருந்த கோப்பு அறையைத் திறந்தேன். மேல் வரிசையில் இருந்த சித்ராவின் கோப்புகளெல்லாம் கீழே இருந்தன, என்னுடையவை மேலே.

சாவி என் முந்தியில்தான் இருந்தது.