ஜெபம் முடியும்வரை யாரும் தொடாத கம்ப்யூட்டர்

நேற்று மதியம் மகளுக்கு லேப்டாப் வந்தது. கூரியர்காரர் பெட்டியை நீட்டினார், போனில் வந்த நம்பரைக் கேட்டார், போய்விட்டார். மகள் கத்தரிக்கோலால் டேப்பை வெட்டியதும் உள்ளேயிருந்து அந்த வாசனை எழுந்தது. புது பிளாஸ்டிக், கொஞ்சம் தெர்மாகோல், அதோடு பெயர் சொல்லத் தெரியாத ஒரு மருந்து நெடி. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய் மேசை டிராயரில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். எடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் உறைத்தது, இதில் திருகுவதற்கு எனக்கு எதுவுமே இல்லை. மகள் என் கையைப் பார்த்து, “என்னப்பா?” என்றாள். ஒன்றுமில்லை என்று சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

அந்த நெடி எனக்கு ரிச்சி தெரு, சென்னை மவுண்ட் ரோடு பக்கம் கம்ப்யூட்டர் உதிரிகள் விற்கிற தெரு. தொண்ணூறுகளின் பின்பாதி. அப்போது எங்கள் வீடு முத்தாபுதுப்பேட்டையில். நான் டிப்ளமா முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டி அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் டிரெயினி. சனிக்கிழமை மத்தியானம் ஷிப்டு விட்டதும் பட்டரவாக்கத்தில் ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, அங்கிருந்து மவுண்ட் ரோடு வரைக்கும் நடை. பஸ்சுக்குக் காசு இல்லாமல் இல்லை. பஸ்சுக்காக ஒரு இடத்தில் நிற்க என்னால் முடியாது, அவ்வளவுதான். சும்மா இருக்கத் தெரியாதவன் என்று அம்மா எனக்கு எப்போதோ முத்திரை குத்தியாயிற்று.

கம்ப்யூட்டர் எனக்கல்ல, மெர்சி அக்காவுக்கு. ஆவடி மார்க்கெட்டில் ஒரு ஜாப் டைப்பிங் கடையில் ஏழு வருஷமாகத் தமிழ் டைப்ரைட்டர் அடித்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். பூந்தமல்லியில் வினா-விடைப் புத்தகம் போடுகிற ஒருவர் அவள் வேகத்தைப் பார்த்துவிட்டு, “சொந்தமா கம்ப்யூட்டர் வெச்சிருந்தா சொல்லும்மா, வருஷம் பூரா வேல தரேன்” என்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த அம்மா, சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்தாள். மொத்தம் பதினெட்டாயிரம். கடையில் முழுசாக வாங்கினால் அதைப்போல இரண்டு மடங்கு. உதிரியாக வாங்கி நானே மாட்டிவிடுகிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அதுவரை நான் மாட்டியதிலேயே பெரியது சீலிங் ஃபேன்.

பட்டியல் போட ஆரம்பித்தேன் பாருங்கள், தூக்கம் போயிற்று. ஜாப் கார்டின் பின்பக்கம், பஸ் டிக்கெட், பாட்டுப்புத்தகத்தின் கடைசிப் பக்கம் எல்லாவற்றிலும் பட்டியல். பென்டியம் எழுதுவேன், அடிப்பேன். பழைய மானிட்டர் போட்டால் கொஞ்சம் மிச்சமாகும், அதைக் கொண்டுபோய் ஹார்ட் டிஸ்கில் சேர்ப்பேன். அடுத்த வாரம் போனால் விலையே மாறியிருக்கும், மறுபடி முதலிலிருந்து. இன்னும் ஒரு வாரம் பொறுத்தால் இறங்குமே என்று ஒரு மனசு, ஏறிவிட்டால் என்று இன்னொரு மனசு. அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நீ இன்னா கருமாந்தரத்த வேணா வாங்கு. கீபோர்டு மட்டும் நல்லதா இருக்கணும்.”

அதற்கு அவளே ஒருநாள் கூட வந்தாள். கவுண்டரில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு கீபோர்டை வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டு டைப்பிங் முதல் பாடத்தை அடித்துப் பார்த்தாள். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் தேர்ந்தெடுத்தது பட்டியலில் நான் ஒதுக்கியதைவிட இருநூறு ரூபாய் அதிகம். எங்கேயாவது குறைத்தாக வேண்டும். ரேம் எட்டு எம்.பி. போதாது, தமிழ் எழுத்தைப் போட்டால் திணறும், பதினாறு வேண்டும் என்று கேள்விப்பட்டு அதையும் ஏற்றியிருந்தேன். கடைசியில் கை வைத்தது யாருமே கவனிக்காத ஒரு தகர டப்பாவில். வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மாதிரி குறைத்துக் கொடுப்பது அந்த டப்பாதான், எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். வெளிநாட்டிலிருந்து கழித்துக்கட்டி வந்தது ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. கவுண்டர்காரர் கட்டிக்கொடுக்கும்போதே, “பின்னாடி ஸ்விட்ச்ச பாத்துக்க தம்பி” என்றார். சரிண்ணே என்றேன். ஆன்-ஆஃப் ஸ்விட்ச்சைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அதைக்கூடவா எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று கொஞ்சம் கோபமும் வந்தது.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபையில் பாஸ்டரை ஐயர் என்போம். வீட்டுக்குள் எந்தப் புதுப்பொருள் வந்தாலும் ஐயர் வந்து ஜெபம் பண்ணாமல் அதைத் தொடக்கூடாது. மிக்சி ஒரு வாரம் பெட்டியிலேயே இருந்தது, அம்மா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அம்மியில் அரைத்தாள். என் முதல் சைக்கிளை ஒன்பது நாள் ஏறாமல் தள்ளிக்கொண்டே பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். தெருவே சிரித்தது.

கம்ப்யூட்டர் சாமான்கள் செவ்வாய்க்கிழமை வீடு சேர்ந்தன. ஐயருக்கு நான்கு ஊர் சபை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் வர முடியும் என்று சொல்லிவிட்டார். பூந்தமல்லிக்காரரோ திங்கட்கிழமை காலை ஒரு பக்கம் மாதிரிக்கு அடித்து ஃப்ளாப்பியில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வேலை இன்னொருவருக்கு. அக்கா அவரை நம்பி, டைப்பிங் கடையில் சனிக்கிழமையோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

“ஐயரு வந்து ஜெபம் பண்ற வரிக்கும் எவனும் கைய வெக்கக் கூடாது, ஆமா” என்று என்னைப் பார்த்தே சொன்னாள் அம்மா. கேபினெட்டின் மேல் பூ பின்னிய மேசைவிரிப்பைப் போட்டு மூடினாள். நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாட்டலாம், ஆனால் ஆன் பண்ணக்கூடாது என்று ஒரு சலுகை வாங்கிக்கொண்டு புதன்கிழமை எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன். அதற்குப் பிறகுதான் நரகம். வியாழக்கிழமை எஸ்டேட்டிலும் வீட்டிலும் காய்ச்சல் என்று சொல்லி அரைநாள் லீவு போட்டேன். அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போயிருந்தாள், அக்கா கடையில். ஒரே ஒரு தடவை, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவிடலாம். விரிப்பை எடுத்தேன், பிளக்கைச் சொருகினேன், ஸ்விட்ச்சை அழுத்தினேன்.

டப்பென்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து நூல் மாதிரி புகை.

பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு ஸ்விட்ச். அதில் 110 என்று இருந்தது. அந்த டப்பா வந்த நாட்டில் வீட்டுக் கரண்டு அவ்வளவுதான். நம் ஊரில் 230. ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையால் இப்படித் தள்ளிவிட்டிருந்தால் போதும். ரேம் எத்தனை, டிஸ்க் எத்தனை என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன் அதைப் பார்க்கவில்லை. மேசையின் கீழேயே உட்கார்ந்து அழுதேன். இப்போது சொல்ல வெட்கமில்லை.

கருகிய நாற்றம் வீடெல்லாம் நின்றது. எனக்குத் தோன்றிய ஒரே வழி, பரணிலிருந்து கருவாட்டை எடுத்து வறுத்தேன். அம்மா வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். “இன்னாடா, காய்ச்சல்காரன் கருவாடு வறுத்துக்கினு கீற?” வாய் கசக்குதும்மா என்றேன். நம்பிவிட்டாள். அக்கா நம்பவில்லை. அம்மா கிணற்றடிக்குப் போனதும் விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

“ஓடுமா, ஓடாதா? அத்த மட்டும் சொல்லு.”

“தெரியலக்கா.”

“நான் கடையில நின்னுக்கிறேன்னு சொல்ட்டேன்டா.”

திட்டியிருந்தால் தேவலை. அவள் கீபோர்டைத் துணியால் துடைத்து மறுபடி மூடி வைத்தாள்.

அன்று ராத்திரியே டப்பாவைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு பூந்தமல்லி பஸ் ஏறி, கரையான்சாவடி மெயின் ரோட்டில் டிவி ரிப்பேர் பார்க்கும் தாஸிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்ப்யூட்டரெல்லாம் நமக்குத் தெரியாது நைனா. ஆனா கரண்டு எல்லாத்துக்கும் ஒரே கரண்டுதான்.” ஃப்யூஸ், உப்பிப்போன இரண்டு கெப்பாசிட்டர், ஒரு டிரான்சிஸ்டர், எல்லாம் ஏதோ செத்த டிவியின் வயிற்றிலிருந்து வந்தன. சிவப்பு ஸ்விட்ச்சை 230க்குத் தள்ளி, அது இனி நகரவே முடியாதபடி மேலே சால்டரிங் ஈயத்தை வைத்தார். “டப்பா பொழச்சிகிச்சி. கம்ப்யூட்டர் உள்ள கீற போர்டு பொழச்சிதான்னு நீ ஊட்ல போட்டாத்தான் தெரியும்.”

ஊட்டில் போடுவதுதானே முடியாது. நான் திரும்பியபோது அம்மா வேலை முடிந்து வந்துவிட்டிருந்தாள். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை, அம்மா வீட்டை விட்டு நகரவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் டப்பாவை மாட்டத்தான் முடிந்தது. அக்கா அன்றைக்குக் கடையில் கடைசி நாள் வேலையை முடித்துவிட்டு, ஒரு பேனா பரிசோடு வந்து சேர்ந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் ஐயர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அம்மா கேசரி கிண்டியிருந்தாள். ஒரு பாட்டு, ஒரு வேதபாடம், பிறகு ஜெபம். இந்தப் பிள்ளைகளின் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும் என்று நிறுத்தி நிதானமாக ஜெபித்தார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எதிரே அக்காவும் திறந்துதான் வைத்திருந்தாள். அதைப் பார்த்தபோது, என் சம்பளம் முழுவதையும் வருஷக்கணக்கில் எடுத்துக்கொள், இது மட்டும் ஓடட்டும் என்று கேட்டேன். அவ்வளவு உண்மையாக நான் அதற்கு முன்பும் ஜெபித்ததில்லை, பின்பும் இல்லை.

ஆமென் சொன்னதும் அக்கா அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. கறுப்பாகவே இருந்தது. யாரோ இருமினார்கள். அப்புறம் பீப் என்று ஒரு சத்தம் வந்தது. திரையின் மூலையில் எண்கள் கடகடவென்று ஏறின.

“என்னப்பா எண்ணுது?” என்றார் ஐயர்.

“மெமரி, ஐயா” என்றேன்.

திங்கட்கிழமை அக்கா ஃப்ளாப்பியோடு போனாள், வேலையோடு வந்தாள். அதில்தான் வெள்ளானூரில் அவள் மனை வாங்கினாள். அம்மா வருஷா வருஷம் சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்வாள். “ஐயரு வந்து ஜெபம் பண்ற வரிக்கும் எம் புள்ளைங்க அத்தத் தொடவே இல்ல. அதான் இத்தினி வருசம் ஓடிச்சி.” அப்போதெல்லாம் அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் பாட்டுப்புத்தகத்துக்குள் முகத்தை விட்டுக்கொள்வேன். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை நினைத்தோம். சொல்லவில்லை. இப்போது சொல்ல அம்மா இல்லை.

அந்த கேபினெட் பழைய இரும்புக்குப் போயிற்று. டைப்பிங் கடை இருந்த இடத்தில் போன் கவர் விற்கிறார்கள். பட்டியல் போடுகிறவர்கள் எங்காவது இருக்கலாம், எங்கள் வீட்டில் இல்லை. மகள் போனில் படத்தைப் பார்த்தாள், தொட்டாள், மூன்றாம் நாள் வந்துவிட்டது. வீட்டுக்குள் வருகிற பொருளைத் தொடாதே என்று சொல்லவும் இங்கே ஆளில்லை.

பெட்டியிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசையில் வைத்தாள் மகள். “ஆன் பண்ணட்டாப்பா?”

“இரும்மா, ஒரு நிமிஷம்” என்றேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, கண்கள் தானாக மூடிக்கொண்டன. பீப் சத்தம் எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தால் திரை முழுக்க வெளிச்சம். அவள் ஏற்கெனவே அழுத்தியிருந்தாள்.